பின்னால் வரும் டயர்

மனிதர்களுக்குப் பதவி உயர்வு உண்டென்றால் டயர்களுக்குப் பதவி இறக்கம் உண்டு. புதிதாக வாங்கிய லாரி டயர் முதலில் முன் சக்கரத்தில் உட்காரும். பட்டன் கொஞ்சம் தேய்ந்ததும் பின்னால் ஜோடிச் சக்கரத்துக்குப் போகும். அங்கே மொட்டையானதும் ரீட்ரேடிங் செய்து மறுபடி பின்னாலேயே மாட்டுவார்கள். இனி தாங்காது என்று லாரிக்காரர் கழித்துப் போட்டதை, டிராக்டர்காரர் வாங்கித் தன் டிரெய்லருக்கு மாட்டுவார். அங்கிருந்தும் கழன்றால் மாட்டு வண்டி. அதற்கும் ஆகாதது துறைமுகத்தில் படகு உரசாமலிருக்கக் கயிற்றில் தொங்கும், இல்லையென்றால் வேப்ப மரத்தில் பிள்ளைகளுக்கு ஊஞ்சலாகும்.

இந்த வரிசையில் மற்ற படிகளோடு எனக்குச் சண்டை இல்லை. லாரியிலிருந்து டிரெய்லருக்கு வரும் அந்த ஒரு படியோடுதான் சண்டை. எங்கள் பக்கத்தில் டிரெய்லரைப் "பெட்டி" என்றே சொல்வோம். "பெட்டிக்குத்தானே" என்ற சொல்லை எத்தனை டயர் கடைகளில் கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. பெட்டிக்குத்தானே, பழசு போதும். பெட்டிக்குத்தானே, நாலும் நாலு கம்பெனியாக இருந்தால் என்ன. என் கட்சி இதற்கு நேர் எதிர். இழுக்கும் வண்டியின் டயரைவிட, இழுபடும் வண்டியின் டயரைத்தான் அதிகம் பார்த்து வாங்க வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்காக ஒரு வரி. முப்பத்தொரு வருடம் ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் டயர் பிரிவில் வேலை பார்த்தேன். என் மனைவியின் கணக்கில், வீட்டைவிட அதிக நேரம் டயர் அடுக்குகளுக்கு நடுவில்தான் குடித்தனம் செய்திருக்கிறேன்.

கனகசெட்டிக்குளத்தில் இருப்பவர்களுக்குப் பெட்டி என்பது வேடிக்கைப் பொருளல்ல. புதுச்சேரியின் வடக்கு ஓரம் நாங்கள். காலாப்பட்டு தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் சவுக்குத் தோப்பு. எங்களுக்கும் புதுச்சேரி நகரத்துக்கும் நடுவில் தமிழ்நாட்டு மண் வரும், மறுபடி புதுச்சேரி வரும். (ஒரே சாலையில் இரண்டு அரசாங்கத்துப் போலீஸுக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் நேரு வீதிக்குப் போக வேண்டும்.) இந்தச் சாலையில் பெட்டி சுமக்காத பொருள் இல்லை. கரைக்கு ஐஸ், கரையிலிருந்து மீன் பெட்டிகள், வலை, பழுது பார்க்கப் போகும் எஞ்சின், மரக்காணம் பக்கத்து உப்பு, தர்பூசணி, சவுக்குக் கழி, கல்யாணத்துக்கு ஜெனரேட்டர், கோடையில் தண்ணீர்த் தொட்டி. மாசி மகம் வந்தால் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும் சாமிகளில் பல, பூ அலங்காரத்தோடு டிராக்டர் பெட்டியில்தான் வருகின்றன. சாமியோடு ஆட்களும் ஏறிக்கொள்வார்கள். சட்டப்படி சரக்குப் பெட்டியில் ஆள் ஏற்றக் கூடாது. ஏற்றுகிறார்கள். அந்த ஆட்களுக்குக் கீழே என்ன டயர் ஓடுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், "முன்னால் புதுசு, பின்னால் பழசு" என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். எங்கள் பணிமனையிலும் அதுதான் விதி. பேருந்தின் முன் சக்கரங்களில் ரீட்ரேடிங் செய்த டயரை மாட்ட மாட்டோம். புது டயர் முன்னால் ஓடி முடித்துத்தான் பின்னால் போகும். இதற்கு நியாயமான காரணம் உண்டு. முன் சக்கரம் பக்கத்துக்கு ஒன்று. அது வெடித்தால் ஸ்டியரிங் ஓட்டுநரின் கையில் நிற்காது. பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர். ஒன்று போனாலும் அதன் ஜோடி வண்டியை ஓரம் கட்டும் வரை தாங்கும். அந்த ஜோடியை நம்பித்தான் பழைய டயரைப் பின்னால் போடுகிறோம்.

டிராக்டர் பெட்டிக்கு அந்த ஜோடி இல்லை. நான்கு மூலையிலும் ஒவ்வொன்று. இரண்டு சக்கரப் பெட்டியென்றால் மொத்தமே இரண்டுதான். ஒரு டயர் போனால் அந்த மூலை அப்படியே தரையில் இறங்கும், சுமை அந்தப் பக்கம் சாயும். ஆக, லாரியின் வழக்கத்தைப் பெட்டி எடுத்துக்கொண்டது, வழக்கத்துக்கான காரணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. "பின்னால்" என்ற ஒரு சொல்தான் இரண்டுக்கும் பொது.

அடுத்தது, பின்னால் நடப்பது ஓட்டுநருக்குத் தெரியாது. முன் டயரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். டிராக்டரின் பெரிய டயர் இறங்கினால் இருக்கையே சாயும். பெட்டியின் பின் டயர் பாதிக் காற்றில் பத்து கிலோமீட்டர் ஓடினாலும் ஓட்டுநருக்கு ஒரு செய்தியும் வராது. டிராக்டரின் இரைச்சலில் வெடிச் சத்தம்கூடச் சில சமயம் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குத்தான் முதலில் கேட்கிறது.

இந்த விஷயத்தில் அமெரிக்காக்காரர்களுக்கும் நமக்கும் வித்தியாசமில்லை. அங்கே என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள பேருந்து மாதிரி ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றுவார்கள். மோட்டார்ஹோம் என்று பெயர். அதை ஊருக்குள் சந்து பொந்தில் ஓட்ட முடியாது. அதனால் ஒரு சின்னக் காரைப் பின்னால் கொக்கி மாட்டி, நான்கு சக்கரமும் தரையில் உருள, இழுத்துக்கொண்டே போவார்கள். அப்படி இழுபடும் காருக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் "டோட்". இழுபடுவது என்ற ஆங்கிலச் சொல்லும் தேரை என்ற ஆங்கிலச் சொல்லும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாக ஒலிப்பதால் வந்த வேடிக்கை. இந்தத் தேரையின் டயர் போனாலும், முன்னால் பல டன் எடையுள்ள வண்டியில் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. டயர் கிழிந்து, ரிம் தார்ச்சாலையில் தேய்ந்து, பொறி பறந்து, பக்கத்தில் வரும் யாரோ கையை ஆட்டிச் சொன்ன பிறகு தெரிந்துகொண்டவர்கள் உண்டு. அதனால் அங்கே விவரம் தெரிந்தவர்கள், இழுபடும் காரின் ஒவ்வொரு டயரிலும் காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு சின்ன மூடியை மாட்டி, அந்தச் செய்தி முன்னால் ஓட்டுநரின் கண்ணெதிரே வரும்படி வைத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் காரில் இன்னொரு விசேஷம். எஞ்சின் ஓடாமல் இழுபடும்போது பல கார்களில் கிலோமீட்டர் ஏறாது. மீட்டர் 20,000 காட்டும், டயர் அதைவிட எத்தனையோ ஆயிரம் கூடுதலாக உருண்டிருக்கும். நம் டிராக்டர் பெட்டிக்கோ மீட்டரே கிடையாது. எத்தனை கிலோமீட்டர் ஓடிய டயர் என்ற கேள்விக்கு இரண்டு இடத்திலும் பதில் இல்லை. பதில் கிடைக்கிற கேள்வி ஒன்றுதான். இந்த டயர் எப்போது பிறந்தது?

அது டயரிலேயே எழுதியிருக்கிறது. பக்கச் சுவரில், பெரும்பாலும் ஒரு நீள்வட்டத்துக்குள், நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், அதாவது ஜூன் தொடக்கத்தில் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முன்பு பிறந்த டயர். அதைத் தொடாமல் வந்துவிடுங்கள். பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்பக்கமாக மாட்டிவிட்டால் பிறகு பெட்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். மாட்டும்போதே எண் வெளியே தெரியும்படி மாட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

வயதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், பெட்டி டயர் தேய்ந்து சாவதில்லை. நின்று சாகிறது. லாரி டயர் வருடம் முழுக்க உருள்கிறது, பட்டன் தேய்கிறது, கழித்துவிடுகிறார்கள். பெட்டி வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கும். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸ் ஓட்டம் குறைந்துவிடும். சரியாகக் கத்திரி வெயிலில், மணலில், ஒரே இடத்தில் நிற்கும். டயர் ரப்பரில் வெயிலையும் ஓசோனையும் தடுக்க மெழுகு மாதிரி ஒரு சரக்கைக் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு வளைந்து நெளியும்போதுதான் அது உள்ளிருந்து கசிந்து மேல்தோலுக்கு வரும். நிற்கிற டயருக்கு அந்தப் பாதுகாப்பு வராது. பக்கச் சுவரில் முடி மாதிரி வெடிப்பு விழும், பிறகு நகம் நுழைகிற அளவுக்கு ஆகும். நைலான் டயர் என்றால் நின்ற இடத்தில் அடிப்பக்கம் தட்டையாகவும் ஆகிவிடும். கூடவே எங்கள் உப்புக் காற்று ரிம்மைத் துரு ஏற்றி, டயர் உட்காரும் விளிம்பைச் சொரசொரப்பாக்கி வைக்கும். ட்யூப் போட்ட டயரில் அந்தத் துரு ட்யூபைத் தின்னும், ட்யூப் இல்லாததில் காற்று அங்கேதான் கசியும்.

இதெல்லாம் நடந்து முடிந்த பிறகும் பட்டன் அப்படியே முக்கால்வாசி இருக்கும். அதுதான் ஏமாற்று.

எங்கள் தெருவில் ஐஸும் தண்ணீரும் அடிக்கும் தம்பி ஒருவர் போன மாதம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நான்கு டயரைக் காட்டினார். கறுப்புச் சாயம் அடித்துப் பளபளவென்று இருந்தன.

"பாருங்க சார், பட்டன் முக்கால்வாசி இருக்குது. லாரில ஆறு மாசந்தான் ஓடுச்சாம்."

"ஓடுனது ஆறு மாசம் இருக்கலாம் தம்பி. பொறந்து எத்தனை வருஷம்னு பாருங்க."

துணியால் துடைத்துப் பார்த்தோம். ஒன்று ஒன்பது வருடம், இரண்டு பதினொன்று, நான்காவதில் எண் இருந்த இடமே தேய்ந்திருந்தது. பல டயர் கம்பெனிகள் ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் சோதிக்கச் சொல்கின்றன. பத்து வருடம் ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடச் சொல்கின்றன. நம் சட்டத்துக்கு வயது கணக்கில்லை. பட்டன் ஆழம்தான் கணக்கு. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டர், மற்றவற்றுக்கு 1.6 மில்லிமீட்டர். அந்த நான்கு டயரும் இந்தப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியிருக்கும்.

இங்கிலாந்தில் 2012 செப்டம்பரில் ஒரு இசை விழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிய பேருந்தின் முன் டயர் வெடித்து, அது மரத்தில் மோதி, மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது பத்தொன்பதுக்கு மேல். பட்டன் சட்டப்படி சரியாக இருந்தது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் விடாமல் போராடி, 2021 பிப்ரவரி 1 முதல் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பத்து வருடம் தாண்டிய டயர் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் அங்கேயும் பாருங்கள், தடை முன் அச்சுக்குத்தான். இழுபடும் டிரெய்லருக்கு இல்லை. பின்னால் வருவதன்மீது எல்லா ஊர்க்காரர்களுக்கும் அலட்சியம்தான் போலிருக்கிறது.

எங்கள் பணிமனையில் ஒவ்வொரு டயருக்கும் ஓர் எண்ணைச் சூடு வைத்துப் பதிப்போம். அந்த எண்ணுக்கு ஒரு அட்டை உண்டு. எந்தப் பேருந்தில் ஏறியது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை முறை ரீட்ரேடிங், ஏன் கழிக்கப்பட்டது, எல்லாம் அதில் இருக்கும். டயரின் ஜாதகம். கழித்த டயர்கள் கழிவாக ஏலத்தில் போகும். ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, ஒரு ஆடி மாதம், கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்கு வந்த பெட்டி ஒன்றின் பின் டயரில் அப்படி ஓர் எண்ணைப் பார்த்தேன். என் கையால் கழித்த டயர். எண் மறக்காததற்குக் காரணம் உண்டு. உள்ளே நூல் அடுக்கு பிரிந்து, பக்கச் சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டிருந்தது என்று அட்டையில் நானே எழுதியிருந்தேன். அந்தப் புடைப்பு அங்கேயே இருந்தது. பெட்டிக்குள் பொங்கல் பானைகளோடு பெண்களும் பிள்ளைகளுமாக இருபது பேராவது இருப்பார்கள்.

வண்டிக்காரரிடம் சொன்னேன். பெரியவர், கோபப்படவில்லை. "நீங்க கழிச்சீங்க, எனக்குக் கெடைச்சுது. இதுவரைக்கும் ஒண்ணும் ஆவலியே சார்" என்றார். திரும்பும்போது ஆட்களை மட்டுமாவது பஸ்ஸில் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பாதிப் பேர் பஸ்ஸுக்கு நின்றார்கள், மீதிப் பேர் பெட்டியில் ஏறினார்கள். அந்தப் பெட்டி கண்ணில் மறையும் வரை சாலையோரம் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு "இதுவரைக்கும் ஒண்ணும் ஆவலியே" என்ற வாதத்தை யார் சொன்னாலும் எனக்கு அந்த எலுமிச்சம்பழம்தான் ஞாபகம் வருகிறது.

சரி, என்னதான் வாங்குவது?

ரீட்ரேடிங் டயரை நான் கெட்டது என்று சொல்லவில்லை. சொன்னால் என் முப்பத்தொரு வருடச் சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டும். விமானங்களே ரீட்ரேடிங் டயரில்தான் இறங்குகின்றன. இன்றைக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கிய எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்து ஆரம்பித்து, 1952இல் ரீட்ரேடிங் ரப்பருக்கு வந்து, அதன் பிறகுதான் டயர் செய்யப் போனது. மேல் ரப்பர் புதிதா பழையதா என்பதல்ல, அடியில் இருக்கும் கூடு எப்படி என்பதுதான் விஷயம். யாருடைய கூடு என்று தெரிய வேண்டும், வயது ஐந்தாறுக்குள் இருக்க வேண்டும், உள்பக்கம் விளக்கடித்துப் பார்த்து ஒட்டுப் போட்ட இடங்களை எண்ண வேண்டும். சொந்த டயரைக் கொடுத்து அதையே ரீட்ரேடிங் செய்து வாங்குவது உத்தமம். யாருடையதோ ஒன்றைச் செய்து அடுக்கி வைத்திருப்பதை வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு பெண் பார்ப்பது மாதிரி.

அடுத்து எடை. இதை யாரும் போடாத கணக்கு என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். 5,000 லிட்டர் தண்ணீர் என்றால் 5 டன். தொட்டியும் பெட்டியும் சேர்ந்து ஒன்றரை டன் என்று வையுங்கள். ஆறரை டன்னை நான்கால் வகுத்தால் ஒரு டயருக்கு 1,625 கிலோ. இது பெட்டி சமதரையில் அசையாமல் நிற்கும்போது. பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் பாயும், திருப்பினால் ஒரு பக்கம் சேரும், அந்த நேரத்தில் ஒரு டயர்மீது வருவது இதைவிட அதிகம். டயரின் பக்கச் சுவரில் எடைக்கு ஒரு குறியீட்டு எண் இருக்கும். 121 என்றால் 1,450 கிலோ, 125 என்றால் 1,650 கிலோ, 130 என்றால் 1,900 கிலோ. 124/120 என்று இரண்டு எண் இருந்தால், முதலாவது தனியாக மாட்டும்போது, இரண்டாவது ஜோடியாக மாட்டும்போது. பெட்டிக்கு முதல் எண்ணைப் பாருங்கள். மேலே சொன்ன தண்ணீர்ப் பெட்டிக்கு 125 கணக்குக்குச் சரி, எனக்குப் போதாது. 130 பக்கம் இருந்தால் இரவில் தூக்கம் வரும். சில டயர்களில் குறியீடு இல்லாமல் 16 பி.ஆர். என்றிருக்கும். அது உள்ளே பதினாறு அடுக்கு என்று அர்த்தமில்லை, பலத்தைச் சொல்லும் பழைய அளவு மட்டும்தான். அப்போது பக்கத்தில் கிலோவில் எழுதியிருப்பதைத் தேடுங்கள்.

எடை எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஆங்கில எழுத்து இருக்கும், அது வேகத்துக்கு. ஏ8 என்றால் 40 கிலோமீட்டர் வரை. டிராக்டருக்குப் பின்னால் ஓட அது போதும். ஆனால் அதே டயர் மாட்டிய ஜெனரேட்டர் பெட்டியை முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டதென்று ஒரு பிக்கப் வண்டியில் கட்டி 70இல் இழுத்துப் போவதைக் காலாப்பட்டில் பல்கலைக்கழகத்துக்கு எதிரிலேயே பார்த்திருக்கிறேன். எதை இழுக்கிறோம் என்பதோடு, எது இழுக்கப் போகிறது என்றும் யோசித்து டயர் வாங்க வேண்டும். பிக்கப்பில் கட்டுவதாக இருந்தால் ஜே, கே என்று போட்ட லாரி டயர் வகைக்குப் போங்கள். அவை 100, 110 வரை தாங்கும்.

நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றப் பணமில்லை என்றால் இரண்டு இரண்டாக மாற்றலாம், ஆனால் ஒரே அச்சில் ஜோடியாக. ஒரு பக்கம் ரேடியல், ஒரு பக்கம் நைலான் என்று ஒரே அச்சில் கலக்காதீர்கள். பெட்டி ஆடும். அளவு வேறுபட்டாலும் உயரமான டயர்தான் அதிகச் சுமை வாங்கும்.

பணம் என்றதும் நியாயமான ஒரு கேள்வி வருகிறது. நூறு நாள்கூட ஓடாத பெட்டிக்குப் புது டயர் போட்டால் அந்தக் காசை எப்போது எடுப்பது? தம்பியும் இதைத்தான் கேட்டார். டிராக்டர் முப்பதில்தானே சார் போகுது என்றும் சொன்னார். இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. வேகம் குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் டயர் பிழைக்கும். ஆனால் அதிகச் சுமையும் குறைந்த காற்றும் அந்தச் சலுகையைத் தின்றுவிடும். மே மாத மதியம் கிழக்குக் கடற்கரைச் சாலைத் தாரில் கையை வைத்துப் பாருங்கள், தெரியும். முதல் வாதத்துக்கு என் பதில் இது. குறைவாக ஓடுகிற பெட்டிக்குப் புது டயர் போட்டால் பட்டன் தேயாது, வயதுதான் ஆகும். ஏழெட்டு வருடம் கவலையில்லாமல் ஓடும். பதினொரு வயது டயரை வாங்கினால் அதற்கு ஆயுளே பாக்கி இல்லை. ஒரு தடவை வெடித்து, ஐந்தாயிரம் லிட்டர் தண்ணீரோடு சாலையில் சாய்ந்து, கிரேன் வந்து தூக்கி, பின்னால் வந்தவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கோர்ட் வரை போகும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள்ளேயே டிரெய்லரும் வருகிறது. எஞ்சின் இல்லாததால் அது வண்டியில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. அதற்கும் பதிவு வேண்டும், அதற்கும் காப்பீடு வேண்டும்.

டயரைவிட மலிவாக ஒன்று வாங்கச் சொல்லி அந்தத் தம்பியை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். காற்று அளக்கும் கேஜ். நம் ஆட்கள் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிச் சத்தத்தை வைத்துக் காற்று இருக்கிறது என்பார்கள். சுத்தமாகக் காற்று இறங்கிய டயரைக் கம்பி சொல்லும். 90 பவுண்டுக்கும் 60 பவுண்டுக்கும் வித்தியாசம் சொல்லாது. சுமையைத் தூக்குவது ரப்பர் அல்ல, காற்றுதான். காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து, உள்ளே சூடாகி, நூல் அடுக்கு பிரியும். விடியற்காலையில், வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஆயுத பூஜையன்று டயருக்கு டீசல் தடவிப் பளபளப்பாக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். டீசல் ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். சந்தனம் குங்குமம் போதும், ரப்பருக்கு அதனால் கெடுதி இல்லை.

தம்பி அந்த நான்கையும் வாங்கவில்லை. பின் அச்சுக்கு இரண்டு புது டயர் வாங்கியிருக்கிறார், இருவரும் சேர்ந்து தேதி பார்த்துத்தான் எடுத்தோம். கடையில் முதலில் காட்டியது மூன்று வருடம் குடோனில் கிடந்த சரக்கு. வேறு கேட்டதும், நான்கு மாதம் முன்பு செய்தது உள்ளேயிருந்து வந்தது. விலை ஒன்றுதான். முன் அச்சு மாசி மகத்துக்குள் என்று சொல்லியிருக்கிறார். இப்போது எங்களுக்குள் ஸ்டெப்னி பற்றித்தான் பேச்சு ஓடுகிறது. கழற்றியதில் கொஞ்சம் நல்லதாக இருக்கும் ஒன்றை ஸ்டெப்னியாகக் கட்டிக்கொள்ளலாமே என்கிறார் அவர். அதுவும் ஒன்பது வயதுதான். வெறும் பெட்டியை வீடு வரை கொண்டுவர மட்டும் என்றால் சரி, சுமையோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது என்று சொல்லி, அதன் பக்கச் சுவரில் வெள்ளைப் பெயிண்டால் "காலிப் பெட்டிக்கு மட்டும்" என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.